வராந்தாவுக்கு எந்தக் கதவு?

தென்னாப்பிரிக்காவில் வீடு கட்டுவோரும் பழைய வீட்டைத் திருத்துவோரும் அனுப்பிய கேள்விகளுள், வராந்தாப் பக்கத்துக் கண்ணாடிக் கதவுகளைப் பற்றிய மூன்று இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: எங்கள் வீடு இசிப்பிங்கோவில், கடலுக்கு மிக அருகில் உள்ளது. கூடத்துக்கும் பின்வராந்தாவுக்கும் நடுவே இருந்த மரக் கதவு உளுத்துப்போய்விட்டது. வாசலின் அகலம் 2.4 மீட்டர். விசேஷ நாட்களில் உறவினர் கூடும்போது வாசல் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்பதால் மடக்குக் கதவே வேண்டும் என்கிறார் என் கணவர். மாமியார் ஊன்றுகோல் கொண்டு நடப்பவர். இரட்டைக் கதவு, சறுக்குக் கதவு, மடக்குக் கதவு ஆகிய மூன்றில் எது பொருந்தும்? (வாசகி, இசிப்பிங்கோ)

பதில்: உங்கள் கணவரின் விருப்பத்தில் நியாயம் இருக்கிறது. இந்த அகலத்தில் இரண்டு பலகைச் சறுக்குக் கதவு ஏறத்தாழ 1.2 மீட்டர்தான் வழி விடும். மடக்குக் கதவோ இரண்டு மீட்டருக்கும் அதிகமாகத் திறக்கும். ஆனால் ஆண்டில் எத்தனை நாள் முழு வாசலும் திறந்து கிடக்கப்போகிறது என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். மற்ற நாட்களிலெல்லாம் அந்தக் கதவு மூடியபடி, உப்புக் காற்றையும் சாரலையும் தாங்கி நிற்கப்போகிறது. அந்த நாட்களுக்காகவே கதவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

வழக்கமான மடக்குக் கதவின் எடை மேலேயுள்ள தண்டவாளத்தில் தொங்குகிறது. அதாவது வாசலின் மேல் உத்திரம் அந்தச் சுமையை ஏற்க வேண்டும். பழைய வீடுகளில் அந்த உத்திரம் சில மில்லிமீட்டர் தொய்ந்தாலும் பலகைகள் கீழே உரசத் தொடங்கிவிடும். பலகைக்குப் பலகை கீல், உருளை, ரப்பர் பட்டை என்று உறுப்புகளும் இதில் அதிகம். கடலோரத்தில் முதலில் கெடுவன இவையே. சறுக்குக் கதவில் எடை கீழ்த் தண்டவாளத்தின் மீது, அதாவது தரையின் மீது இறங்குகிறது. உருளை தேய்ந்தாலும் மாற்றுவது எளிது. இரட்டைக் கதவு அழகானதுதான். எனினும் 2.4 மீட்டரை இரண்டாகப் பகுத்தால் ஒவ்வொரு பலகையும் மிகவும் அகலமாகிவிடும் என்பதால், இரு பக்கமும் திறக்காத கண்ணாடிப் பலகை வைத்து நடுவில் 1.8 மீட்டர் அளவில் அமைப்பதே நல்லது. அது வெளிப்புறமாகத் திறந்தால் தென்மேற்குக் காற்று வேகமெடுக்கும்போது அறைந்து சாத்தும். உட்புறமாகத் திறந்தால் நாற்காலி போடும் இடத்தைத் தின்றுவிடும்.

ஆகவே உங்களுக்குச் சறுக்குக் கதவையே பரிந்துரைக்கிறேன். மூன்று பலகைகளும் மூன்று தண்டவாளங்களும் கொண்டதாகச் செய்யச் சொன்னால், வாசலில் மூன்றில் இரண்டு பங்கு திறக்கும். கணவருக்கும் ஓரளவு மனநிறைவு கிடைக்கும். அவர் மடக்குக் கதவில் உறுதியாக நின்றால், பலகைகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்கட்டும். அப்போது ஒரு பலகையை மட்டும் சாதாரணக் கதவைப் போலத் திறந்து மாமியார் போய்வரலாம்.

கீழ்ச்சட்டத்தைத் தரைக்குள் புதைத்து வைத்தால் ஊன்றுகோல் தடுக்காது. ஆனால் வராந்தாவின் தரை கூடத்தைவிடத் தாழ்வாகவும், வெளிநோக்கிச் சரிவாகவும் இருக்க வேண்டும். கீழ்ச்சட்டத்தில் மழைநீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். கதவு பொருத்திய பிறகு வராந்தாவுக்கு டைல்ஸ் ஒட்டுபவர்கள் அந்தத் துளைகளைச் சிமெண்டால் அடைத்துவிடுவது உண்டு. அதன் பிறகு வரும் முதல் பெருமழையில் தண்ணீர் கூடத்துக்குள்தான் வரும்.

அலுமினியச் சட்டத்துக்குக் கடலோரத்துக்கு ஏற்ற பவுடர் பூச்சா என்று கேட்டு, அதன் உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். திருகுகள் 316 தர எவர்சில்வராக இருக்கட்டும். 304 தரம் கடற்காற்றில் பழுப்பேறும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். தண்டவாளத்துக்கு எண்ணெய் விடாதீர்கள். மணல் அதனோடு சேர்ந்து உருளையை அராவிவிடும். சிலிக்கோன் தெளிப்பே போதும்.

கேள்வி: எங்கள் கூடம் வடக்குப் பார்த்தது. அங்கே பெரிய கண்ணாடிக் கதவு வைத்தால் கோடையில் வெந்துபோவோம் என்று அண்ணன் பயமுறுத்துகிறார். உண்மையா? (வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: மேற்கு என்றால் அண்ணன் சொல்வதை ஒப்புக்கொள்வேன். வடக்கு அப்படியன்று. நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால், ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கு வானில் ஏறத்தாழ 37 பாகை உயரத்தில் தாழ்ந்து நின்று அறைக்குள் வெயிலை அனுப்பும்; டிசம்பரில் ஏறக்குறைய உச்சிக்கே ஏறிவிடும். போதிய அகலமுள்ள தாழ்வாரம் இருந்தால் கோடை வெயிலை அதுவே தடுத்துவிடும். உங்கள் ஊரின் குளிர்கால இரவுகளுக்கு, நடுவே இடைவெளி விட்டு இரு தகடுகள் பொருத்திய இரட்டைக் கண்ணாடி பயன் தரும். செலவுக்குத் தயங்கினால் மரச் சட்டமும் தடித்த திரைச்சீலையும் ஓரளவு உதவும். கடலிலிருந்து தள்ளியிருப்பதால் மெராண்டி மரம் அங்கே நன்றாகவே உழைக்கும், அவ்வப்போது மெருகு பூசி வந்தால். சுவரை இடித்து வாசலை அகலப்படுத்துவதாக இருந்தால் பொறியாளரின் கணக்கும் நகராட்சியின் வரைபட அனுமதியும் தேவை. கண்ணாடியின் பரப்பு கூடும்போது, 2011 இல் வந்த சான்ஸ் 10400 எக்ஸ்ஏ என்னும் எரிசக்தி விதிக்கும் வரைபடத்தில் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: கள்வர் பயம் ஒருபுறம், குரங்குகளின் தொல்லை மறுபுறம். கண்ணாடிக் கதவு வைக்கலாமா? (வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: வைக்கலாம். கதவில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அதன் மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பதப்படுத்திய கண்ணாடி உடைந்தால் சிறு துணுக்குகளாக உதிர்ந்து வழிவிட்டுவிடும். இரு தகடுகளின் நடுவே படலம் ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியோ விரிசல் விட்டும் இடத்தை விட்டு நகராது. பின்னதையே கேளுங்கள். சறுக்குக் கதவுகளைத் தண்டவாளத்திலிருந்து மேலே தூக்கிக் கழற்றுவது கள்வரின் பழைய வழி என்பதால், மேல்சட்டத்துக்குள் தடுப்புக் கட்டை பொருத்தச் சொல்லுங்கள். மடக்கு இரும்புக் கிராதி ஆளைத் தடுக்கும். ஆனால் கம்பிகளுக்கு இடையே குட்டிக் குரங்கு நுழைந்துவிடும். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைப்பவரானால், கிராதியோடு உறுதியான எவர்சில்வர் வலைக் கதவு ஒன்றையும் சேர்த்தே விலை கேளுங்கள். மெல்லிய கொசுவலையைக் குரங்கு ஒரு நொடியில் கிழித்துவிடும்.