மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்: ரயில் ரசிகர் கேள்வி பதில்

மலேசிய ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கோலாலம்பூர் செந்தூல்காரன் நான். ரயில் ரசனை பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றுதான் சொன்னேன். டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமா, வண்டி ஏன் லேட் என்றெல்லாம் கேட்டால் நான் என்ன செய்வேன்? அவற்றை ஒதுக்கிவிட்டு மீதிக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (காஜாங்): அண்ணே, இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். என்ன கேமரா வாங்கலாம்?

பதில்: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள் தம்பி. படத்துக்குக் கைப்பேசி போதும். தேதி, நேரம், இடம், எஞ்சின் எண், பின்னால் என்ன சரக்கு என்று அன்றைக்கே எழுதி வைக்காவிட்டால், நாலு வருடம் கழித்து அந்தப் படம் எந்த ஊர் என்று உங்களுக்கே தெரியாது.

எண்ணைப் படிக்கப் பழகுங்கள். கேடிஎம், அதாவது நம் மலேசிய ரயில்வேயின் டீசல் எஞ்சினில் ஐந்து இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வகை, நடுவில் இருப்பது தொகுதி, கடைசி இரண்டும் வரிசை எண். 26103 என்றால் 26ஆம் வகையில் முதல் தொகுதி, மூன்றாவது எஞ்சின். 26 என்றால் 'புளூ டைகர்'. 29 சீனாவில் டாலியனில் செய்தது. 23, 24 இரண்டும் ஜப்பான். 1957ல் வந்த 20ஆம் வகை இங்கிலீஷ் எலெக்ட்ரிக்தான் நம் நாட்டு மெயின் லைனில் நீராவியின் இடத்தைப் பிடித்த முதல் டீசல். இவ்வளவு தெரிந்தால் போதும், மீதி நின்று பார்க்கப் பார்க்க வரும்.

கேள்வி (ரவாங்): படம் எடுக்க நல்ல இடம் எது? தண்டவாளத்தின் ஓரமாக நிற்கலாமா?

பதில்: கூடாது. அத்துமீறல் சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். மின்சார ரயிலின் சத்தம் காதில் விழும்போது அது உங்கள் பக்கத்தில் வந்திருக்கும். ஊர்விட்டு ஊர் போகும் இடிஎஸ் மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை போகும். டீசல் மாதிரி அரை மைலுக்கு முன்னாலேயே இருமிக்கொண்டு வராது. பிளாட்பாரத்தில், மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எடுங்கள். கோலாலம்பூர் பழைய ஸ்டேஷனில் கொமுட்டர் என்ற புறநகர் வண்டி இன்னும் நிற்கிறது. அங்கே வளைவும் தூணும் கூடவே கிடைக்கும்.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னாலும் சொல்வேன்: மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, கிட்டே போனாலே பாயும். செல்ஃபி குச்சி, நீளக் குடை, தூண்டில், எதையும் உயரத் தூக்காதீர்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலை ஸ்டேஷனில் பளபளக்கும் பலூனோடு பிள்ளைகள் நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்த பலூனின் மேல்பூச்சு உலோகம். நூல் கையை விட்டுப் போனால் நேரே கம்பிக்குத்தான் போகும்.

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு): தீவில் ரயிலே இல்லை. எங்களுக்கு என்ன ரசனை ஐயா?

பதில்: கொடிமலை ரயில் என்ன, பஸ்ஸா? நாட்டிலேயே ரசித்துப் பார்க்க வேண்டிய பாதைகளில் அது ஒன்று. முதலில் கட்டிய பாதை ஓடாமலே கைவிடப்பட்டது. இப்போதைய வழியை 1924 ஜனவரி 1ஆம் தேதி முறைப்படித் திறந்தார்கள். முன்பெல்லாம் பாதி மலையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். நடு ஸ்டேஷனில் குளிர்ந்த காற்றில் காத்திருந்தது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2011ல் சுவிஸ் பெட்டிகள் வந்தன. அதிலிருந்து கீழிருந்து உச்சிவரை, கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர், ஒரே ஓட்டம்.

பெட்டிக்குள் எஞ்சின் கிடையாது. உச்சியில் இருக்கும் பெரிய சக்கரம் கம்பிவடத்தை இழுக்கிறது. வடத்தின் ஒரு முனையில் ஏறும் பெட்டி, மறுமுனையில் இறங்கும் பெட்டி. இறங்கும் பாரமே ஏறும் பாரத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும், மோட்டார் வித்தியாசத்தை மட்டும் இழுத்தால் போதும். கிணற்றில் இரண்டு வாளி கட்டி இறைப்பது போலத்தான்.

பாதை ஒன்றுதான், நடுவழியில் மட்டும் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். அங்கே பாயிண்ட் (வண்டியைப் பாதை மாற்றிவிடும் தண்டவாளம்) மாற்ற ஆளும் இல்லை, அசையும் பாகமும் இல்லை. பிறகு எப்படி ஒவ்வொன்றும் தன் பக்கம் ஒதுங்குகிறது? இந்த வகை மலை ரயில்களில் ஒரு பக்கச் சக்கரத்துக்கு இரண்டு விளிம்பு இருக்கும், தண்டவாளத்தை இரண்டு புறமும் கவ்விக்கொள்ளும். மறுபக்கச் சக்கரம் விளிம்பே இல்லாத அகலமான உருளை, தண்டவாளத்தின் இடைவெளிகளைச் சும்மா தாண்டி உருளும். ஒரு பெட்டிக்குக் கவ்வும் சக்கரம் இடப்பக்கம், இன்னொன்றுக்கு வலப்பக்கம். அவ்வளவுதான் சூட்சுமம். பிரியும் இடம் வரும்போது ஊரைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள்.

அப்புறம் ஜார்ஜ் டவுனில் மணிக்கூண்டு வைத்த விஸ்மா கஸ்தம். இன்றைக்குச் சுங்கத் துறைக் கட்டடம், அன்றைக்கு ரயில்வே கட்டடம். அங்கே டிக்கெட் வாங்கி, ரயில்வே படகில் கடலைத் தாண்டிப் போய் அக்கரையில் வண்டி பிடிப்பார்கள். தண்டவாளமே இல்லாத ஸ்டேஷன்! இனிமேல் 'எங்களுக்கு ரயில் இல்லை' என்று எழுதாதீர்கள்.

கேள்வி (சுபாங் ஜெயா): எல்ஆர்டி என்ற நகர இலகு ரயில் எல்லாம் ரயில் ரசனையில் சேருமா?

பதில்: சேரும். கிளானா ஜெயா வழியில் ஓட்டுநர் கிடையாது, ஆகவே முன் கண்ணாடி உங்களுக்குத்தான். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பட்டையாக ஓடும் உலோகத் தகட்டைக் கவனியுங்கள். வண்டியைத் தள்ளும் மோட்டாரில் பாதி அதுதான்.

கேள்வி (ஈப்போ): கோலாலம்பூர் பழைய ஸ்டேஷன் கூரையை லண்டன்காரர்கள் பனி விழுந்தாலும் தாங்கும்படி கட்டச் சொன்னார்களாமே?

பதில்: நல்ல கதை. எல்லா வழிகாட்டியும் சொல்வார், காகிதம் காட்டச் சொன்னால் பேச்சை மாற்றுவார். 1910ல் முடிந்த கட்டடம், வரைந்தவர் ஹப்பேக். மஸ்ஜித் ஜாமெக்கும் உங்கள் ஊர் ஸ்டேஷனும் அவர் கைதான்.

கேள்வி (கிள்ளான்): நீங்கள் எங்கே பேசினாலும் யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர் கதைதான். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தண்டவாளத்தைத் தோளில் தூக்கியது எங்கள் பாட்டன். அதை யார் சொல்வது?

பதில்: சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். முதல் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு, இப்போதைய கோல செப்பாத்தாங், 1885 ஜூன் 1. ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்ட 8 மைல். அதற்கு இலங்கையிலிருந்து பயனியர் படை ஆட்களை இறக்கினார்கள். அவர்கள் செய்தது மண் வேலை, நாற்காலி வேலை இல்லை. அடுத்த வருடம் கோலாலம்பூர்–கிள்ளான் பக்கம், உங்கள் ஊர். 1901ல் மாநில ரயில்வேக்களை ஒன்றாக்கிய பிறகு ஸ்டேஷனும் கணக்கும் பெருகின, ஆங்கிலம் தெரிந்த கிராணி (குமாஸ்தா) வேண்டியிருந்தது. மிஷன் பள்ளியில் படித்த யாழ்ப்பாணத்தார் வந்தார்கள். தண்டவாளப் பராமரிப்புக் கேங்கில் தமிழ்நாட்டுக்காரர்கள். வெயிலில் ஜல்லி இடித்ததும், காடு மண்டாமல் வெட்டியதும், வெள்ளத்தில் சரிந்த கரையைக் கட்டியதும் அவர்கள்தான். இதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் கதை ஏன் அதிகம் என்றால், அவர் எழுதி வைத்தார். டைரி, சர்வீஸ் புத்தகம், வெள்ளைக் கோட்டுப் படம், எல்லாம் பேரப்பிள்ளைகளிடம் இருக்கிறது. கேங் ஆளுக்குக் கைநாட்டுப் பேரேடுதான், அதுவும் ஆபீசிலேயே கறையானுக்குப் போயிற்று. உங்கள் பாட்டன் எந்த மைலிலிருந்து எந்த மைல் வரை பார்த்தார், மேஸ்திரி யார், லயம் (தொழிலாளர் வரிசை வீடு) எங்கே இருந்தது? தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். எஞ்சின் படம் ஆயிரம் பேரிடம் இருக்கிறது. இது உங்கள் வீட்டில் மட்டும்தான் கிடைக்கும்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): கிள்ளான் நண்பருக்கு: என் தாத்தா ஸ்டேஷன் மாஸ்டர். இரவு பகல் பார்க்காமல் உழைத்தவர். நாற்காலி என்று இளக்காரம் வேண்டாம்.

பதில்: சரி. ஒற்றைப் பாதையில் அவர் ஒரு தப்புச் செய்தால் இரண்டு வண்டி நேருக்கு நேர், ஆகவே அந்த நாற்காலி சுகமான நாற்காலி இல்லை. ஆனால் நீங்களும் ஒன்று யோசியுங்கள். ரயில்வே குவாட்டர்ஸில்கூட கிரேடு பார்த்துத்தானே வீடு கொடுத்தார்கள்? பிரிக்பீல்ட்ஸில் 'நூறு குவாட்டர்ஸ்' என்ற குடியிருப்பு இன்று இல்லை. இருந்தபோது எத்தனை பேர் அதைப் படம் எடுத்தோம்?

கேள்வி (கிள்ளான், மறுபடி): ஆக, கடைசியில் இருவரும் சமம் என்று மழுப்புகிறீர்கள்.

பதில்: சம்பளத்தில் சமமில்லை, வீட்டில் சமமில்லை, வரலாற்றுப் புத்தகத்தில் சமமில்லை. இதை மழுப்பல் என்றால் வேறென்ன சொல்ல? செந்தூல் ரயில்வே பட்டறையை மட்டும் இருவரும் மறந்துவிட்டீர்கள். கொல்லர், பாய்லர்காரர், வார்ப்புக்காரர், ஃபிட்டர் என்று எல்லாத் தமிழரும், மலாய்க்காரரும், சீனரும் ஒரே கூரையின் கீழ் கைக் கரியோடு நின்ற இடம் அது.

கேள்வி (சுங்கை சிப்புட்): சண்டைக்கு நடுவே மன்னிக்கவும். யுத்த காலத்தில் ஜப்பான்காரர்கள் எங்கள் தோட்டத்து ஆட்களைச் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். அந்தப் பாதையைப் போய்ப் பார்க்க முடியுமா?

பதில்: மன்னிப்பு எதற்கு, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942ல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு பக்கமும் சேர்ந்தது. அதில் போன தண்டவாளத்தில் ஒரு பங்கு நம் நாட்டிலிருந்து பெயர்த்தது. கிழக்குக் கரைப் பாதையை ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்டு போனான். இங்கே ஒரு கேங் போட்ட இரும்பு, அங்கே இன்னொரு கூட்டத்தின் தோளில்.

பார்க்கலாம். பாங்காக்கின் தொன்புரி ஸ்டேஷனிலிருந்து காஞ்சனபுரி வழியாக நாம் தோக் வரை இன்றும் வண்டி ஓடுகிறது. வாங் போவில் பாறையை ஒட்டி மரக்கால்கள் மேல் போகும் இடத்தில் வேகத்தைக் குறைப்பார்கள், அங்கே கேமராவை உள்ளே வையுங்கள் என்பது என் வேண்டுகோள். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது. இங்கிருந்து போகிறவர்கள் பாடாங் பெசார் வரை இடிஎஸ், அங்கே தாய்லாந்து வண்டி. அவர்கள் நேரம் நம்மைவிட ஒரு மணி பின்னால், டிக்கெட்டில் இருப்பது எந்த நாட்டு நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (செராஸ்): நல்ல கேமரா ஒன்று சொல்லுங்கள்.

பதில்: காஜாங் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸில் வேலை): இங்கே தண்டவாளம் ஒடுங்கித் தெரிகிறதே?

பதில்: உங்கள் எழும்பூர் பாதை முன்பு இருந்ததும் இதே மீட்டர் கேஜ்தான், இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். நீங்கள் 1,676க்கு மாறிவிட்டீர்கள், நாங்கள் இதிலேயே மின்சாரம் போட்டுவிட்டோம். இன்னொரு உறவும் உண்டு. உங்கள் ஒய்டிஎம்4 வகை டீசல் எஞ்சின்கள் குத்தகைக்கு இங்கே வந்து ஓடின. சிரம்பான்–கிம்மாஸ் இரட்டைப் பாதையைப் போட்டதும் உங்கள் இர்கான் கம்பெனிதான்.

கேள்வி (கோலகங்சார்): விக்டோரியா பாலத்தில் நடக்கலாமா?

பதில்: 1900ல் திறந்த அந்தப் பழைய பாலத்தில் இப்போது ரயில் இல்லை, தாராளமாக நடக்கலாம். பக்கத்திலிருக்கும் புதிய பாலம் ஓடும் பாதை. படம் நன்றாக வரும் என்று அதன் மேல் ஏறாதீர்கள். 25,000 வோல்ட். சொல்வேன் என்றேன் அல்லவா?

கேள்வி (ஷா ஆலாம்): டிரோன் விடலாமா?

பதில்: கம்பிக்குப் பக்கத்தில்? என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி (குளுவாங், பள்ளி மாணவி): பழைய படத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் டிரைவரிடம் பெரிய வளையத்தை நீட்டுகிறாரே, அது என்ன ஐயா?

பதில்: வா தங்கச்சி, இதுதான் என் தொழில். ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு வண்டிதான் இருக்கலாம். இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு இரும்புப் பெட்டி, உள்ளே சாவி மாதிரி டோக்கன்கள், இரண்டையும் மின்கம்பி இணைக்கும். இங்கே ஒரு டோக்கனை எடுக்க அந்த ஸ்டேஷன்காரர் அங்கே பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று வெளியே வந்துவிட்டால் இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும், அது திரும்ப எந்தப் பெட்டிக்குள்ளாவது போகும்வரை அடுத்தது வராது. டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் கிளம்பக் கூடாது. ஓடும் வண்டியில் கொடுக்க வசதியாக அதை வளையத்தில் கோத்த தோல் பையில் போட்டு நீட்டுவார்கள். டிரைவர் கையை வளையத்துக்குள் விட்டுத் தோளில் வாங்கிக்கொள்வார். வேகம் கூடினால் தோள் பழுத்துவிடும்.

கேள்வி (கிள்ளான், மூன்றாம் முறை): அந்த டோக்கன் பெட்டியைத் துடைத்து எண்ணெய் போட்டவர் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

பதில்: எதிலும் இல்லை. பாட்டனின் மைல் எண்ணை எப்போது அனுப்புகிறீர்கள்?