அமெரிக்க டூரிஸ்ட் விசாவில் அம்மா அப்பா வருடா வருடம் ஆறு மாதம் வந்து தங்கலாமா?

கேட்டவர் சொல்வது இது: பெற்றோர் இருவருக்கும் பத்து வருட டூரிஸ்ட் விசா கிடைத்திருக்கிறது. வருடத்துக்கு ஆறு மாதம் வீதம் எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாமா, நடுவில் எவ்வளவு நாள் இந்தியாவில் இருக்க வேண்டும்?

எத்தனை தடவை என்று சட்டத்தில் எண்ணிக்கை கிடையாது. நடுவில் இத்தனை நாள் ஊரில் இருந்தே ஆக வேண்டும் என்றும் கிடையாது. அதனால்தான் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். வருடத்துக்கு 180 நாள்தான் என்பார் ஒருவர். கனடா எல்லையைத் தொட்டுவிட்டு வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்பார் இன்னொருவர். இரண்டையும் நம்ப வேண்டாம்.

எனக்கு அம்பாசமுத்திரம். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மகள் டெக்சாஸில் இருக்கிறாள், நானும் வீட்டுக்காரியும் சில வருடங்களாகப் போய் வந்துகொண்டிருக்கிறோம். எங்கள் பக்கம் இப்போது தெருவுக்கு நாலு வீடு இப்படித்தான், பாதி வருடம் பூட்டிக் கிடக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் பத்து வருடம் வேறு, அங்கே தங்கக் கொடுக்கும் நாள் வேறு. விசா இருந்தால் விமானம் ஏறிப் போய் "உள்ளே விடுங்கள்" என்று கேட்கலாம், அவ்வளவுதான். எவ்வளவு நாள் என்பதை அங்கே இறங்கியதும் இமிக்ரேஷன் கவுண்டரில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்கிறார். அது ஐ-94 என்ற பதிவில் ஏறும். பெரும்பாலும் ஆறு மாதம் கொடுத்துவிடுவார்கள். குறைத்தும் கொடுக்கலாம், அந்த அதிகாரம் அவருக்கு உண்டு. வீடு போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் (சி.பி.பி.) இணையதளத்தில் அந்தத் தேதியை மகனையோ மகளையோ எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலண்டரில் வட்டம் போட வேண்டிய தேதி அதுதான். விசா முடியும் தேதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வம்பு.

கவுண்டரில் என்ன கேட்பார்கள்? போன தடவை எப்போது வந்தீர்கள், எப்போது திரும்பினீர்கள், இந்தத் தடவை எத்தனை மாதம், ஊரில் என்ன செய்கிறீர்கள். சுற்றிச் சுற்றி இவ்வளவுதான். இந்த ஆள் வந்து போகிறவரா, இங்கேயே குடியிருந்துகொண்டு அவ்வப்போது இந்தியா போய் வருகிறவரா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். பதில் பாஸ்போர்ட் முத்திரையிலேயே இருக்கிறது. ஆறு மாதம் இருந்துவிட்டு, ஊருக்கு வந்து ஒரு மாதத்தில் மறுபடி போய் நின்றால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அங்கே எவ்வளவு நாள் இருந்தோமோ அதற்குக் குறையாமல் ஊரில் இருந்துவிட்டுப் போவது நல்லது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சட்டத்தில் இல்லை, நடைமுறையில் காப்பாற்றும்.

எங்களுக்கு இந்தக் கணக்கை வயலே போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. பிசானம் என்கிற நெல் போகத்தின் அறுப்பு முடிந்து, நெல்லை விற்று, மாசி பங்குனியில் கிளம்பினால் ஆடியில் திரும்பிவிடுவோம். அடுத்த போகமான கார் சாகுபடியை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விட்டாயிற்று. பிசான நடவுக்கு நான் வரப்பில் நிற்க வேண்டும். ஒரு தடவை கவுண்டரில் இருந்தவர் "எதற்காகத் திரும்பிப் போக வேண்டும்?" என்று கேட்டார். நெல் நட வேண்டும் என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தார். எத்தனை ஏக்கர் என்றார், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றார். பாபநாசம் அணையை எல்லாம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது, அவர் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு மாதம் கொடுத்தார். வயல் இருந்தால்தான் விடுவார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பென்ஷன், வீடு, ஊரில் இருக்கும் இன்னொரு பிள்ளை, கோயில் கொடை என்று எதுவானாலும் சரி. உங்கள் பெற்றோர் வாயிலிருந்து தானாக வர வேண்டும், மனப்பாடமாக வரக் கூடாது.

பேரப்பிள்ளை விஷயம்தான் கொஞ்சம் வில்லங்கம். பேரனைப் பார்க்கப் போகிறேன் என்பது உள்ளது உள்ளபடி. "மருமக வேலைக்குப் போறா, பிள்ளைய நாந்தான் பாத்துக்கிடணும்" என்று சொன்னால் அதை வேலை என்று எடுத்துக்கொள்கிற அதிகாரிகள் இருக்கிறார்கள். டூரிஸ்ட் விசாவில் வேலை பார்க்கக் கூடாது. கடையம் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மைனியை இப்படித்தான் தனி அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துவிட்டார்கள். வரிசையாக ஒவ்வொரு வருடமும் ஆறு ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர். போனை வாங்கி மெசேஜையும் பார்த்தார்களாம். மகன் "அம்மா வந்துட்டா டே கேர் காசு மிச்சம்" என்று எழுதியிருந்தது அதில் இருந்திருக்கிறது. கடைசியில் இரண்டு மாதம் கொடுத்து அனுப்பினார்கள். திருப்பி அனுப்பாமல் விட்டார்களே, அது பெரிசு. பொய் சொல்லச் சொல்லி நான் சொல்லவில்லை. பொய் சொல்லி மாட்டினால் நிரந்தரத் தடை வரைக்கும் போகும். ஆச்சியை ஆச்சியாக மட்டும் அழைத்துக்கொள்ளுங்கள், ஆயா வேலைக்குக் கணக்குப் போட்டு அழைக்காதீர்கள்.

நீட்டிப்பு உண்டா? உண்டு. ஐ-539 என்று ஒரு மனு. ஐ-94 தேதி முடிவதற்கு முன்னாலேயே போட வேண்டும், 45 நாளாவது முன்னால் போடச் சொல்கிறார்கள். உடம்பு சரியில்லை, ஆபரேஷன், பிரசவத்தில் சிக்கல் என்று நியாயமான காரணம் இருந்தால் போடலாம். எங்கள் பக்கத்து ஏஜெண்ட் ஒருவர் "ஒவ்வொரு தடவையும் போட்டு வையுங்க சார், பதில் வரதுக்குள்ள ஆறு மாசம் ஓடிரும்" என்று யோசனை சொன்னார். ஓடத்தான் செய்யும். ஆனால் அடுத்த தடவை கவுண்டரில் நிற்கும்போது அதுவும் திரையில் தெரியும். தேதி தாண்டி அனுமதி இல்லாமல் தங்கினால் அந்தப் பத்து வருட விசா அத்தோடு செல்லாது. 180 நாளுக்கு மேல் அப்படி இருந்துவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடத் தடை, ஒரு வருடம் ஆகிவிட்டால் பத்து வருடத் தடை.

கனடா, மெக்சிகோ போய்த் திரும்பும் கதையும் இதே ரகம். சில நாளில் திரும்பினால் பழைய ஐ-94 தேதியே தொடரும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும்.

இனி யாரும் சொல்லாத சமாச்சாரம்: வருமான வரி. அமெரிக்காவில் தங்கிய நாளை வைத்து வரிக்கு அந்த நாட்டுவாசி என்று தீர்மானிக்கும் கணக்கு ஒன்று உண்டு. இந்த வருடம் இருந்த நாள் முழுசாக, போன வருட நாளில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தின வருட நாளில் ஆறில் ஒரு பங்கு, மூன்றையும் கூட்ட வேண்டும். 183-ஐத் தொட்டால் (இந்த வருடம் 31 நாளாவது இருந்திருந்தால்) நீங்கள் வரிக்கு அந்த ஊர்க்காரர். டூரிஸ்ட் விசாவுக்கு இதில் விலக்கு கிடையாது.

போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 120 நாள் என்றால் 120-ம் 40-ம் 20-ம் சேர்ந்து 180, தப்பித்தோம். 150 நாள் என்றால் 150, 50, 25, மொத்தம் 225, தாண்டிவிட்டது. தாண்டினால் உலகத்தில் எங்கே வரும் வருமானத்தையும், அதாவது இங்கே வாங்கும் பென்ஷனையும் எஃப்.டி. வட்டியையும்கூட, அங்கே கணக்குக் காட்ட வேண்டிய நிலை. இந்தியக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து 10,000 டாலருக்கு மேல் இருந்தால் அதைத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். வழி இருக்கிறது. அந்த வருடத்தில் 183 நாளுக்குக் குறைவாக இருந்து, வீடு வாசல் பிழைப்பு எல்லாம் இந்தியாவில்தான் என்று காட்டி 8840 என்ற படிவத்தை அனுப்பினால் விட்டுவிடுவார்கள். ஏப்ரல் 1 போய்ச் செப்டம்பர் 30 திரும்பினால் சரியாக 183 நாள், ஒரே ஒரு நாளில் அந்த வழியும் அடைபடும். கிரீன் கார்டுக்கு மனு போட்டிருந்தாலும் அந்தப் படிவம் கைகொடுக்காது. இதையெல்லாம் பார்த்துத்தான் நாங்கள் நாலு மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். மகளுக்கு வருத்தம்தான். ஆனால் நாலு மாதம் முடிகிற நேரத்தில் வீட்டுக்காரிக்கு அந்த ஊர் குளிர்சாதனம் அலுத்துப்போய், குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டதா என்று போனில் விசாரிக்க ஆரம்பித்திருப்பாள்.

விசா முடிந்து புதுப்பிப்பது பற்றிச் சுருக்கமாக. 79 வயது தாண்டியவர்களுக்கு நேர்காணல் வேண்டாம் என்றிருந்த சலுகை 2025 செப்டம்பரோடு போய்விட்டது. முழுக் காலத்துக்கும் (பத்து வருடம்) கொடுத்த டூரிஸ்ட் விசா காலாவதியாகி 12 மாதத்துக்குள் புதுப்பித்தால் மட்டும் நேர்காணல் இல்லாமல் முடிய வாய்ப்பு உண்டு. ஆகவே தேதியைத் தவற விடாதீர்கள். விட்டால் வயதானவர்களை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிச் சென்னைக்குக் கூட்டிப்போய், ஒரு நாள் கைரேகை, இன்னொரு நாள் ஜெமினி பாலத்துப் பக்கம் அமெரிக்கத் தூதரக வரிசை என்று அலைய வேண்டும். நேர்காணலைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

மருத்துவக் காப்பீடு அமெரிக்க விசாவுக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் அது இல்லாமல் அம்மா அப்பாவை விமானம் ஏற்றாதீர்கள். சர்க்கரை, பிரஷர் மாதிரி ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அந்தப் பாலிசிகளில் பெரும்பாலும் பணம் வராது, திடீரென்று முற்றினால் மட்டும் ஒரு வரம்பு வரை கொடுப்பார்கள். அந்த வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள். மாத்திரையைத் தங்கும் காலம் முழுவதற்கும் சேர்த்து, டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள். கருவேப்பிலை கொண்டுபோகத் தடை. எத்தனை தடவை சொன்னாலும் அம்மாமார் சீலைக்குள் சுருட்டி வைப்பார்கள், பெட்டியை நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

உங்கள் அக்காவோ அண்ணனோ கனடாவில் இருந்தால் கதையே வேறு. அங்கே பெற்றோருக்கென்றே சூப்பர் விசா இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். பிள்ளைக்குக் குறிப்பிட்ட வருமானம் வேண்டும், ஒரு லட்சம் கனடிய டாலருக்குக் குறையாத காப்பீடு வேண்டும். பிரிட்டனில் பத்து வருட விசா வாங்கினாலும் ஒரு தடவைக்கு ஆறு மாதம்தான், அடிக்கடி வந்து அங்கேயே குடியிருக்கப் பார்க்கக் கூடாது என்று விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் பெற்றோருக்கு வருடத்தில் பாதிக்கு மேல் உங்களோடுதான் இருக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசை என்றால், நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருக்கும் பட்சத்தில் கிரீன் கார்டு மனுவைப் பற்றி வக்கீலிடம் பேசுங்கள். ஆனால் மனு போட்டபின் டூரிஸ்ட் விசாவில் "திரும்பிப் போய்விடுவேன்" என்று சொல்வது எடுபடாது. இரண்டில் ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், அதுவும் அவர்களைக் கேட்டுவிட்டு.