மயக்கம் தெளியப் போட்ட ஊசி கிடாவுக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

கோத்தகிரிப் பக்கம் செம்மறி வளர்க்கும் வாசகர் கேட்கிறார்: "கொம்பு வளைந்து கன்னத்தில் குத்தியதால், கொம்பை அறுப்பதற்காகக் கிடாவுக்கு சைலசின் என்ற மயக்க மருந்தைப் போட்டார்கள். பிறகு மயக்கம் தெளிய டோலசோலின் போட்டதும் துள்ளி எழுந்து நடுங்கியது. எச்சில் ஒழுகியது, கழிந்தது. சாயங்காலம் மறுபடி படுத்துவிட்டது. ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த லாமாக்கள் இந்த மருந்தால் செத்ததாகப் படித்தேன். இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிடவா?"

அப்படி ஒரேயடியாக மறுக்க வேண்டாம். எவ்வளவு போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். டோலசோலின் சைலசினை முறிப்பதோடு நிற்காது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும், குடலையும் முடுக்கிவிடும். ரத்தக் குழாயில் வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, இதயம் படபடக்கும். நீங்கள் பார்த்த நடுக்கமும் கழிச்சலும் இந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவுகள்தான். லாமாக்களைப் பற்றிப் படித்ததும் சரியே. அதனால்தான் அவற்றுக்கு கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல், மிக மெதுவாகவோ தசையிலோ போடச் சொல்கிறோம்.

சாயங்காலம் ஏன் படுத்தது? தெளிய வைத்த மருந்தின் வேகம் முதலில் அடங்கி, உடம்பில் மிச்சமிருந்த சைலசின் மறுபடி அமுக்கியிருக்கலாம். சைலசின் கூடிப்போனால் இப்படி நடக்க வாய்ப்பு அதிகம். ஆடு மாடுகளுக்குக் குதிரைக்குப் போடுவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே போதும். மில்லிக்கு 20 மி.கி. உள்ள பாட்டிலில், 30 கிலோ கிடாவுக்கு 0.15 மில்லியே கிலோவுக்கு 0.1 மி.கி. ஆகிவிடும். இன்சுலின் சிரிஞ்சில் அளக்க வேண்டிய அளவு இது! செம்மறிக்கு சைலசினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு; தெளிய வைக்கும் ஊசி அதைச் சரிசெய்யாது. என்னைக் கேட்டால், மயக்கத்தைக் குறைவாகக் கொடுத்து, தானாகத் தெளிய விடுவதே நல்லது. கூடவே கெட்டமைன் என்ற இன்னொரு மயக்க மருந்தையும் போட்டிருந்தால், அவசரப்பட்டு எழுப்பவே கூடாது. சைலசின் மட்டும் விலகி, கெட்டமைனின் விறைப்பும் உதறலும் மிஞ்சும்.

அடுத்த முறை காலையிலேயே வேலையை வைத்துக்கொள்ளுங்கள். சைலசின் போட்ட ஆட்டுக்கு உடம்புச் சூடு நிலையாக நிற்காது. உங்கள் ஊர்க் குளிரில் ராத்திரி அதை விட்டுவைக்கக் கூடாது. நெஞ்சு தரையில் படிய நிமிர்த்தி உட்காரவைத்து, அடியில் வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு போர்த்துங்கள். நன்றாக நின்று நடக்கும்வரை தண்ணீரும் தீவனமும் வேண்டாம், புரையேறும். இடது வயிறு உப்பினாலோ, மூக்கில் நுரை வந்தாலோ, மூச்சு இரைத்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் டாக்டரை அழையுங்கள்.