ஓட முடியாதவன் அங்கே என்ன செய்ய?

வணக்கம் ஐயா,

மூன்று வருடமாக ஞாயிறு காலையில் ஒரு குழுவோடு ஓடிவந்தேன். இப்போது முழங்காலில் வலி. இரண்டு மாதம் ஓடக்கூடாது, வேண்டுமானால் சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனியாகத்தான் மிதிக்கிறேன். வியர்வை வருகிறது, பழைய உற்சாகம் வரவில்லை. குழுவில் "சும்மாவாவது வாங்க" என்கிறார்கள். ஓட முடியாதவன் அங்கே போய் நின்று என்ன செய்ய?

ர.

அன்புள்ள ர.,

போய் நில்லுங்கள். கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தால் இன்னும் நல்லது.

பார்க்ரன் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாரம் ஒரு காலை, ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. 2004 அக்டோபர் 2ஆம் தேதி லண்டன் புஷி பார்க்கில் அதைத் தொடங்கிய பால் சின்டன்-ஹெவிட் அன்று உங்கள் நிலைமையில்தான் இருந்தார். அடிபட்டு ஓட்டம் நின்றுபோன நேரம். கூட்டாளிகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவர்களை ஓடவிட்டு, தான் நின்று நேரம் குறித்தார். ஓடியவர்கள் 13 பேர்.

உங்கள் உற்சாகம் எங்கே போனது? எல்லோரும் எண்டார்ஃபின் (உடம்பு தானே சுரக்கும் வலிநிவாரணி) என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். 2003இல் வந்த ஓர் ஆய்வில், 50 நிமிடம் ஓடியவர்கள், சைக்கிள் மிதித்தவர்கள் இரு தரப்பின் ரத்தத்திலும் ஆனந்தமைடு என்ற, உடம்பே சுரக்கும் இன்னொரு உற்சாகப் பொருள் கூடியிருந்தது. நம் 'ஆனந்த'த்திலிருந்து எடுத்து வைத்த பெயர்தான் அது. ஆக, உடம்பு சைக்கிளிலும் தன் வேலையைச் செய்யும். ஆனால் 2009இல் ஆக்ஸ்ஃபோர்டில் படகு வீரர்களைத் துடுப்பு எந்திரத்தில் தனியாகவும் குழுவாகவும் பயிற்சி செய்ய வைத்தார்கள். பிறகு ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, எப்போது வலிக்கிறது என்று கேட்டார்கள்; எண்டார்ஃபின் கூடினால் வலி தாமதமாகத்தான் தெரியும். குழுவாகச் செய்த நாளில் வலி தாங்கும் திறன் கூடுதலாக ஏறியிருந்தது. அதே எந்திரம், அதே ஆட்கள்.

சைக்கிளில் கூட்டத்தின் பலன் இன்னும் கண்கூடு. வேகமாகப் போகும்போது முன்னால் இருப்பவர் எதிர்காற்றை வாங்கிக்கொள்வார். ஒட்டி வருபவருக்குக் கால் லேசாகும். பிறகு முறை மாறும். எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. ரோட்டில் குழி வந்தால் முதல் ஆள் கையை இறக்கிக் காட்டுவார், அடுத்தவர் காட்டுவார், அந்தக் கை சத்தமில்லாமல் வரிசையில் நகர்ந்து கடைசியில் வரும் எனக்கும் வந்து சேரும். (சொந்தக்காரர்கள் குழியில் விழுந்தபிறகுதான் சொல்வார்கள்.)

இந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளோடு போங்கள். சீட் ரொம்பத் தாழ்வாக வேண்டாம், முழங்காலுக்கு ஆகாது. இரண்டு தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் பின்னால் வருபவர் பக்கத்தில் மெதுவாக மிதியுங்கள். அவருக்கு மூச்சு வாங்கும். நீங்கள்தான் பேச வேண்டியிருக்கும்.