ஓர் எலிகூட மிஞ்சக் கூடாது: லார்டு ஹாவ் தீவு, கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே சுமார் 600 கி.மீ. தள்ளிக் கடலில் இருக்கும் லார்டு ஹாவ் தீவில், பறவைகளைக் காப்பாற்ற 2019-இல் எலி ஒழிப்பு நடந்தது. அதைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் கேட்டிருந்தீர்கள். பதில்கள் இதோ.

கேள்வி: எலி பறவையைத் தின்னுமா சார்?

முட்டையையும் குஞ்சையும் தின்னும். 1918 ஜூனில் மகாம்போ என்ற கப்பல் அங்கே தரைதட்டியது. அதிலிருந்து கருப்பு எலிகள் கரையேறின. சில ஆண்டுகளுக்குள், அந்தத் தீவில் மட்டுமே வாழ்ந்த ஐந்து வகைப் பறவைகள் அடியோடு அழிந்தன. மரமேறி வந்து கூட்டில் கை வைக்கும் எதிரியை அவை அதுவரை கண்டதே இல்லை.

கேள்வி: எலியைத் தின்னும் பிராணியைக் கொண்டுபோய் விட்டிருக்கலாமே?

1920-களில் ஆந்தைகளை விட்டுப் பார்த்தார்கள். எலி ஒழியவில்லை. ஆந்தை மற்ற பறவைகளையும் சேர்த்துப் பிடித்தது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஓர் எலி விஷம் தின்று செத்தால் மற்றவை அதைத் தொடுவதில்லை. அங்கே மட்டும் எப்படி?

அருமையான கேள்வி. அங்கே வைத்தது புரோடிஃபகூம் என்ற எலி விஷம் கலந்த தீனி. தின்றவுடன் ஒன்றும் ஆகாது. ரத்தத்தை உறையவிடாமல் செய்து, சில நாள் கழித்தே கொல்லும். அதனால் தீனியால்தான் சாவு என்று எலிக்குத் தெரியாது. மலைப்பக்கம் அந்தத் தீனியை ஹெலிகாப்டரில் தூவினார்கள். வீடுகள் இருக்கும் பக்கம் தீனிப்பெட்டிகள், 20,000-க்கும் மேல்! ஒரு மூலை விடுபட்டாலும் போச்சு. ஒரு சினை எலி போதும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கேள்வி: அந்த விஷத்தைப் பறவைகளும் தின்னாதா?

தின்னும். அதுதான் பெரிய கவலை. அங்கே உட்ஹென் என்று பறக்காத பறவை ஒன்று உண்டு, நம் கானாங்கோழிக்குச் சொந்தம். இரண்டு கல்லை எடுத்துத் தட்டினால் என்னவென்று பார்க்க ஓடி வரும். அவ்வளவு வெகுளி. 1970-களில் முப்பதுகூட மிஞ்சவில்லை. அப்போது எமனாக இருந்தது காட்டுப்பன்றி. பன்றிகளை ஒழித்து, குஞ்சு பொரிக்க வைத்து மீட்டார்கள். 2019-இல் இருநூறுக்கும் மேல் பிடித்து, விஷத்தீனி மட்கும்வரை கூண்டில் பாதுகாத்தார்கள். இப்போது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

கேள்வி: எலியும் உயிர்தானே அண்ணா?

உயிர்தான், மறுக்கவில்லை. கொல்வது எனக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்த எலி உலகமெங்கும் இருக்கிறது, அதன் பூர்வீகமே இந்தியப் பக்கம்தான். உட்ஹென்னுக்கு அந்த ஒரு தீவை விட்டால் போக்கிடம் இல்லை.

கேள்வி: இனி எலி வரவே வராதா?

2021 ஏப்ரலிலேயே இரண்டு அகப்பட்டன, அதில் ஒன்று சினை. உடனே மோப்ப நாய்கள், பொறி, தீனிப்பெட்டி என்று மறுபடி இறங்கினார்கள். அப்புறம், வருகிற சரக்கையும் நாய்கள் மோந்து பார்க்கின்றன.