டிரைவ் த்ரூவைப் பயன்படுத்துவது வசதியா, சோம்பேறித்தனமா?

நீங்கள் அமெரிக்காவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். உடன் வேலை பார்ப்பவர் காரை விட்டு இறங்காமலே காபி வாங்குவதைப் பார்த்துவிட்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். பதில் எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. "சோம்பேறித்தனம்" என்ற சொல்லைப் பார்த்ததும்தான் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சொல்லை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே ஒருவர் என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

காரில் உட்கார்ந்தபடியே கடை ஜன்னலில் வாங்கிக்கொள்ளும் இந்த டிரைவ் த்ரூ என்றால் பர்கரும் காபியும் மட்டும் அல்ல. இங்கே மருந்துக்கடைக்கும் வங்கிக்கும்கூட அது உண்டு. நான் சொல்லப்போவது மருந்துக்கடையைப் பற்றி.

நாங்கள் இருப்பது மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸை ஒட்டிய ஒரு புறநகரில். 2019 ஜனவரி 30ஆம் தேதி அங்கே மைனஸ் 33 டிகிரி செல்சியஸ். காற்றும் சேர்ந்தால் மூடாத தோல் சில நிமிடங்களில் உறைந்துவிடும். அன்று தபால்காரர்கூட வரவில்லை. எங்கள் மாநிலத்தில் அஞ்சல் வினியோகத்தையே நிறுத்திவைத்திருந்தார்கள். வேலையாகப் போயிருந்த கணவர் விமானம் ரத்தாகி சிகாகோவில் மாட்டிக்கொண்டார். வீட்டில் நான், நான்கு வயது மகன், பதினான்கு மாத மகள்.

மகளுக்குக் காதில் தொற்று. முந்தைய நாள் பார்த்த மருத்துவர், "ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம், காய்ச்சல் ஏறினால் கூப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் சாயங்காலம் 103 டிகிரி. காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுகிறாள். தொலைபேசியில் கூப்பிட்டதும் மருத்துவர் மருந்துச் சீட்டைக் கடைக்கே அனுப்பிவிட்டார். போய் வாங்கி வர வேண்டியதுதான் பாக்கி.

இந்த இடத்தில் "பக்கத்து வீட்டில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போயிருக்கலாமே" என்று யாராவது எழுதுவீர்கள். பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெண்மணி தனியாக இருக்கிறார். காய்ச்சல்காரக் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. காருக்குள் குழந்தைகளைத் தனியே விட்டுவிட்டுக் கடைக்குள் ஓடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

குளிர்காலத்தில் இரண்டு குழந்தைகளைக் காரிலிருந்து இறக்குவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கார் சீட்டில் உட்காரும் குழந்தைக்குத் தடித்த கோட் போடக் கூடாது. கோட்டுக்கு மேல் வாரைப் பூட்டினால் இறுக்கமாக இருப்பதுபோலத்தான் தெரியும். கார் எதிலாவது மோதினால் கோட்டின் பஞ்சு அமுங்கி, வார் தொளதொளத்து, குழந்தை நழுவிவிடும். ஆகவே மெல்லிய உடையோடு உட்காரவைத்து, வாரைப் பூட்டி, மேலே கம்பளியைப் போர்த்துவோம். கடை வாசலில் இறக்க வேண்டுமானால், திறந்த கார்க் கதவின் அருகே நின்று, வாரைக் கழற்றி, கோட்டையும் தொப்பியையும் கையுறையையும் மாட்ட வேண்டும். பூட்டின் சிவப்புப் பொத்தான் விறைப்பாக இருக்கும். கையுறை போட்ட விரலுக்கு அசையாது. என் கையுறையைக் கழற்றித்தான் அழுத்த வேண்டும். ஒரு குழந்தைக்கு முடித்துவிட்டு இன்னொரு குழந்தைக்கு. மருந்தை வாங்கியபின் அத்தனையையும் திரும்பச் செய்ய வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் கார்கள் நிற்பது தரைக்கு அடியில். லிஃப்டில் இறங்கி அங்கேயே இருவரையும் உட்காரவைத்தேன். கடையின் டிரைவ் த்ரூ ஜன்னலில் போய் நிற்கும்வரை அவர்கள் மேல் வெளிக்காற்று படவே இல்லை. மகளின் பெயரையும் பிறந்த தேதியையும் கேட்டார்கள். குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து புட்டியில் பொடியாகத்தான் இருக்கும். கலந்துவிட்டால் 14 நாள்தான் தாங்கும் என்பதால், வாங்க வரும்போதுதான் தண்ணீரை அளந்து ஊற்றுவார்கள். மருந்தாளுநர் புட்டியைக் கையில் தட்டிப் பொடியை உதிர்த்து, தண்ணீர் ஊற்றிக் குலுக்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகன் பின்னாலிருந்து, "பிங்க் கலரா அம்மா?" என்று கேட்டான். ஜன்னலுக்கு அடியிலிருந்த இரும்பு இழுப்பறை என் பக்கம் நீண்டு வந்தது. உள்ளே காகிதப் பை, மருந்து புகட்ட ஊசியில்லாத சிரிஞ்ச். எவ்வளவு, எத்தனை வேளை என்பதை ஸ்பீக்கரில் இரண்டு முறை பொறுமையாகச் சொன்னார். அன்றிரவு மகள் தூங்கினாள். நானும் தூங்கினேன்.

இதை ஒருமுறை கணவரின் பெரியப்பாவிடம் சொன்னேன். கோடையில் எங்களைப் பார்க்க வந்திருந்தார். அன்றும் அதே ஜன்னலில் ஏதோ மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியிருந்தோம். கேட்டுவிட்டு, "ஏம்மா, இறங்கி நான்கு எட்டு வைத்தால் கால் தேய்ந்தா போய்விடும்? இந்த ஊர் உங்களைச் சோம்பேறியாக்கிவிட்டது" என்றார். பெரியவர் என்பதால் பேசாமல் இருந்தேன். பேசியிருக்க வேண்டும் என்று இன்றுவரை தோன்றுகிறது.

ஏனென்றால் இதே பெரியப்பாதான் சென்னை கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் பற்றிக் கண் கலங்கப் பேசுவார். 1962இல் திறந்து 2008இல் மூடினார்களே, இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கும் இடம், அதுதான். மரத்தடியில் ஃபியட் காரை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்களாம். சர்வர் வந்து கார் ஜன்னலில் தட்டை மாட்டி, தோசையும் காபியும் வைப்பாராம். அதை அவர் ஒருநாளும் சோம்பேறித்தனம் என்று சொன்னதில்லை. சொல்லவும் வேண்டாம், அது அவருடைய இனிய நினைவு. இன்றைக்கும் அவர் வீட்டுக்கு இட்லி மாவுகூட போனில் சொன்னால்தான் வருகிறது. மூன்று மாடி ஏறி வருகிற பையன் மூச்சு வாங்க நிற்கிறான். நான் என் மருந்துக்கு நானே பனியில் காரை ஓட்டிக்கொண்டு போனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெக்டொனால்ட்ஸின் முதல் டிரைவ் த்ரூ ஜன்னல் 1975இல் அரிசோனாவின் சியரா விஸ்டாவில் வந்தது. பக்கத்தில் ஃபோர்ட் வாச்சூகா ராணுவத் தளம். அங்குள்ள வீரர்கள் வேலைநேரச் சீருடையோடு தளத்துக்கு வெளியே காரை விட்டு இறங்கக் கூடாது என்று அப்போது விதி இருந்தது. இறங்க முடியாதவர்களுக்காகத்தான் சுவரில் ஜன்னல் வைத்தார்கள்.

எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. வாகன நிறுத்துமிடம் காலியாகக் கிடக்கும்போது, பதினைந்து கார்களுக்குப் பின்னால் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு காபிக்குக் காத்திருப்பது எனக்கும் பிடிக்காது. உள்ளே போனால் அதைவிடச் சீக்கிரம் வாங்கிவிடலாம். மினியாபொலிஸ் நகர மன்றம் அதே 2019இல் புதிய டிரைவ் த்ரூக்களைக் கட்டத் தடை விதித்தது. புகை, நடைபாதையைக் குறுக்கே வெட்டும் கார்கள் என்று அவர்கள் சொன்ன காரணங்களை மறுக்க மாட்டேன். பழையவற்றை இருக்கவிட்டார்கள், அதில் எனக்கு நிம்மதி.

ஆனால் "இறங்கி நடக்கலாமே" என்பவர்கள் இங்கே குளிர்காலத்தில் ஒரு வாகன நிறுத்துமிடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். பனியை வழித்துத் தள்ளுகிறவர்கள் அதை எங்கே குவிக்கிறார்கள் தெரியுமா? மாற்றுத்திறனாளிகளுக்கென்று நீலக் கோடு போட்ட இடத்தில். என் மாமனாருக்கு இரண்டு முழங்காலிலும் மாற்று அறுவை சிகிச்சை செய்திருக்கிறது. போன குளிர்காலத்தில் ஒரு கடை வாசலில் அந்த நீலப் பலகை மட்டும் பனிமேட்டுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. எங்கோ தூரத்தில் காரை நிறுத்தி, கண்ணாடிபோல் இறுகிய பனியின் மேல் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மேலாளரிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டார். அடுத்த பனிக்கும் மேடு அதே இடத்தில்தான். கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்வீர்கள். மாமனார் அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் நடந்து போகவே இல்லை, ஜன்னலில்தான் வாங்குகிறார்.

நீங்கள் தனி ஆள், காலில் குறையில்லை, வரிசை நீளம் என்றால் இறங்கிப் போய் வாங்குங்கள். உடன் வேலை பார்ப்பவரிடம் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள்.

மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். மருந்துக்கடை ஜன்னலில் பிறந்த தேதியைக் கேட்டால், பின் இருக்கையிலிருந்து அவளே உரக்கச் சொல்லிவிடுகிறாள்.