வழிபாட்டிடம் வடிவமைக்கக் கற்பிக்கும்போது எதிலிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: கட்டடக்கலை மாணவர்களுக்குக் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் போன்ற வழிபாட்டிடங்களை வடிவமைக்கச் சொல்லிக்கொடுக்கும்போது எதிலிருந்து தொடங்குவது? தத்துவத்திலிருந்தா, கட்டுமானத்திலிருந்தா? பக்தி இல்லாத மாணவருக்கு இது கைவருமா?

நான் கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம் என்பதால் என் மாணவர்களை இந்தக் கடற்கரைக்கே அழைத்து வருவது வழக்கம். என்னைக் கேட்டால், சுமையிலிருந்து தொடங்குங்கள் என்பேன். ஒரு கூரையின் பாரம் எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது, அந்த வழியை எந்தப் பொருள் தாங்குகிறது, எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பதைக் கைப்பட அறிந்த பிறகு மாணவர் பென்சிலை எடுக்கட்டும்.

தத்துவமும் ஆகமமும் பிறகு வரட்டும். முதல் வாரத்திலேயே அவற்றைக் கொடுத்தால் மேசைக்கு என்ன வரும் என்பது கற்பிக்கும் எல்லோருக்கும் தெரியும். தாமரை இதழ்க் கூரை, கூப்பிய கை வடிவில் கோபுரம், மேலே ஒரு துளை, அதன் வழியே விழும் ஒளிக்கற்றை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். "இந்த இதழ் எதனால் ஆனது? எடை எவ்வளவு? பத்து வருடம் கழித்து இதன் விளிம்பை யார் சாரம் கட்டி ஏறிப் பூசப்போகிறார்கள்?" என்று கேட்டால் மாணவர் விழிப்பார். அப்படிப்பட்ட கட்டடத்தில் புனிதம் மேலே ஒட்டிய சாந்தாகவே இருக்கும். சுவரோடு சேர்ந்திருக்காது.

நாங்கள் செய்யும் முதல் வேலை மிக எளிது. கடையில் கிடைக்கும் கடப்பா கல் பலகையை இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் வைக்கிறோம். நடுவில் மணல் மூட்டையை ஏற்றுகிறோம். தாங்குகிறது. அடுக்குகளைக் கொஞ்சம் விலக்கி மறுபடி ஏற்றுகிறோம். ஏதோ ஒரு தூரத்தில் கல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் 'டக்' என்று இரண்டாகிறது. இரும்பைப் போல வளைந்து எச்சரிக்காது. உடைந்த துண்டுகளைப் பொருத்திப் பார்க்கும்போது காரணத்தைச் சொல்கிறேன். வளையும் பலகையின் மேல்பக்கம் நசுக்கப்படுகிறது, கீழ்ப்பக்கம் இழுக்கப்படுகிறது. நசுக்கலைக் கல் எவ்வளவோ தாங்கும். இழுவையில் அதன் வலிமை பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அதனால் கீறல் அடியிலிருந்து கிளம்புகிறது. அதோடு, பலகையின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் அதன் சொந்த எடையாலேயே நடுவில் வரும் வளைவுத் திருப்பம், அதாவது அதை வளைக்கும் தாக்கம், நான்கு மடங்காகிறது. அடுத்து, செங்கல் அடுக்கின் தலையில் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு சிறிய கல்லை வைத்து, அதே தூரத்தில் இன்னொரு பலகையை ஏற்றுகிறோம். இந்த முறை நிற்கிறது. அந்தச் சிறிய கல்தான் போதிகை.

இதைச் செய்த மறுநாள் ராமேசுவரம் மூன்றாம் பிரகாரத்துக்குள் நுழையும் மாணவர் பார்க்கும் விதமே வேறு. அதற்கு முன்பென்றால், எல்லோரையும் போல நீளத்தைப் பார்த்து வியந்துவிட்டு வந்துவிடுவார். 18ஆம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர்கள் காலத்தில் முடிந்த இந்தப் பிரகாரத்தில் 1,212 தூண்கள், சுற்று நீளம் சுமார் 3,850 அடி என்று கணக்குச் சொல்வார்கள். ஏன் இத்தனை தூண்கள்? கல் பாவுகல்லாக, அதாவது கூரையில் பாவும் பலகையாக, அதற்குமேல் நீள மறுத்ததால். திண்ணைமேல் தூண், தூண்மேல் போதிகை, போதிகைமேல் உத்திரம், உத்திரத்தின்மேல் பாவுகல். கல்லால் முடிந்த தூரத்துக்கு ஒருமுறை ஒரு தூண் என்று வைத்துக்கொண்டே போனதில் பிறந்ததுதான் அந்த நடை. தூண், இடைவெளி, தூண், இடைவெளி என்று நிழலும் வெளிச்சமும் மாறி மாறி வரும்போது நம் கால் தானாகவே நிதானிக்கிறது. பக்தர்கள் அதை இறைவன் சந்நிதியை நெருங்கும் உணர்வு என்கிறார்கள். அது பொய்யில்லை. கல்லின் இயலாமையை ஒளிக்காமல், அதையே தாளமாக வைத்துக்கொண்ட கைகள் தந்த உணர்வு அது. நான் கற்பிப்பதெல்லாம் இந்த ஒன்றைத்தான்.

இங்கிருந்து நேராகக் கீழக்கரைக்குப் போவோம். அங்குள்ள ஜும்மா பள்ளிவாசல், வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது, 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே போனதும் மாணவர்கள் மேலே பார்க்கிறார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அதே தூண், அதே போதிகை, அதே உத்திரம், அதே தட்டைக் கல் கூரை. மண்டபம் கட்டத் தெரிந்த கை கட்டிய பள்ளிவாசல். மாறியவை சிலதான். தூண்களில் உருவங்கள் இல்லை, பூவும் கொடியும் கட்டங்களும் இருக்கின்றன. கோயிலில் தூண்வரிசை நம்மை ஒரு கருவறையை நோக்கி அழைத்துப் போகிறது. இங்கே தொழுகை வரிசைகள் பக்கவாட்டில் விரிகின்றன, எல்லா முகங்களும் கிப்லா சுவரை, அதாவது இங்கிருந்து மேற்கே சற்று வடக்குச் சாய்ந்த மக்கா திசையை, நோக்கியிருக்கின்றன. கட்டுமானம் ஒன்றுதான், சடங்கு வேறு, அதனால் இடமும் வேறாகிவிட்டது. குறியீட்டில் தொடங்கியிருந்தால் இந்த இரண்டு கட்டடங்களையும் இரண்டு தனித்தனி அத்தியாயங்களாகப் படித்திருப்பார்கள். இவற்றின் உறவு கண்ணில் பட்டிருக்காது. எனக்கு இந்த மாவட்டத்தில் மிகவும் பிடித்த பாடம் இதுதான்.

அடுத்தது சுண்ணாம்பு. இதைப் படம் போட்டு விளக்கவே கூடாது, செய்துதான் பார்க்க வேண்டும். சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு சீறும், கொதிக்கும், ஆவி எழும். கிளிஞ்சல் நம் கண்ணெதிரே வெள்ளை மாவாக உதிரும். எங்களோடு வேலை செய்யும் வயதான கொத்தனார் அப்போது மாணவர்களை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்வார். "கிட்ட வராதே தம்பி, கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும்" என்பார். பிறகு அதைச் சலித்து, ஊறவைத்து, மணலும் செங்கல் தூளும் சேர்த்து அரைக்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பு சுத்தமானது, களிமண் கலப்பு இல்லாதது. அதனாலேயே ஈரத்தில் தானாக இறுகாது, செங்கல் தூளின் துணை வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை அளவாக விடுவார். கலவை பதமா என்று பார்க்க, கரணையில் ஒரு கை அள்ளி அப்படியே தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பார். விழவில்லை என்றால் தலையசைப்பார். வழுக்கி விழுந்தால் ஒன்றும் சொல்லாமல் மறுபடி அரைக்க அனுப்புவார்.

அந்தப் பூச்சு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி, மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில், மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாகிறது. கடலில் சிப்பியாக இருந்தது காளவாயில் வெந்து, தொட்டியில் நீறி, சுவரில் கல்லாகிறது. இதை அறிந்த மாணவருக்குத் திருவிழாவுக்கு முன் ஊரே சேர்ந்து வெள்ளையடிப்பது அலங்காரமாகத் தெரியாது. கடற்காற்றில் வரும் உப்பு சுவருக்குள் போய்ப் படிகமாகி மேற்பரப்பை உடைக்கும். வெள்ளைப் பூச்சு இருந்தால் உப்பு பெரும்பாலும் அதை உதிர்த்துவிட்டுப் போகும், உள்ளிருக்கும் கல் தப்பிக்கும். வருடா வருடம் உதிர்வதற்கென்றே பூசப்படும் மேற்போர்வை அது. அதைப் பூசும் ஊர் இல்லாவிட்டால் அந்தக் கட்டடமும் இல்லை. சிமெண்ட் பூச்சும் எண்ணெய் வண்ணமும் வந்த இடங்களில் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, சுவர் உள்ளிருந்து அரிபடுகிறது. நல்ல எண்ணத்தோடு உபயம் கொடுப்பவர்களிடம் இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்களையும் காட்டுகிறேன். பவளப்பாறைக் கல்லால் எழுப்பியவை. கிட்டப்போய்ப் பார்த்தால் கல்லுக்குள் பவளத்தின் துளைகளும் மடிப்புகளும் அப்படியே தெரியும். இந்தக் கடற்கரையில் கட்டுவதற்கும் சுண்ணாம்பு சுடுவதற்கும் ஒரு காலத்தில் பவளத்தையே வெட்டி எடுத்தார்கள். 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. சரியான முடிவு. ஆகவே நம் மாணவர் அந்தப் பொருளைத் தொட முடியாது, அதன் இடத்தில் எதை வைப்பது என்று யோசிக்க வேண்டும். பனை இருக்கிறது, வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையின் சட்டம் நன்றாகவே நிற்கும். செங்கல் இருக்கிறது. ஓலை இருக்கிறது.

கான்கிரீட்டும் இருக்கிறது, அதை நான் ஒதுக்குவதில்லை. ஆனால் இந்தக் காற்றுக்கு உரிய மரியாதையோடு வரையச் சொல்வேன். உப்பு உள்ளே ஊறிக் கம்பியை எட்டினால் துரு ஏறும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கடலோரத்துக்கு ஐ.எஸ். 456 என்னும் இந்தியக் கான்கிரீட் விதி கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் எம்-30 என்னும் வலிமைத் தரமும் கேட்கிறது. கடல்நீர் நேராகத் தெறிக்கும் இடமென்றால் 50 மில்லிமீட்டர், எம்-35. அரிமானத்தைச் சோதிப்பதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்குள்ள மண்டபம் என்னும் ஊரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால் இந்தக் காற்றின் கடுமையைப் புரிந்துகொள்ளலாம். மெல்லிய தாமரை இதழ் வரைந்து வரும் மாணவரிடம் நான் கேட்பது ஒன்றே: மேலே 45, கீழே 45, நடுவில் கம்பி. இப்போது இதழ் எவ்வளவு தடிமன்?

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வழி இல்லை. அமெரிக்காவின் அலபாமாவில் 1993இல் தொடங்கிய ரூரல் ஸ்டூடியோ என்னும் கட்டடக்கலைப் பயிற்சித் திட்டத்தில் மாணவர்கள் 1995இல் சுமார் ஆயிரம் பழைய டயர்களுக்குள் மண் இடித்துச் சுவர் எழுப்பி ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். ஜெர்மனியில் பீட்டர் சும்தோர் வடிவமைத்து 2007இல் முடிந்த புரூடர் கிளவுஸ் சிற்றாலயத்தில் 112 மரத்தண்டுகளைக் கூடாரம்போல் நிறுத்தி, சுற்றிலும் 24 நாட்கள் அடுக்கடுக்காகக் கான்கிரீட் கொட்டினார்கள். பிறகு உள்ளே நெருப்பிட்டு மரங்களை எரித்தார்கள். கரிபடிந்த, மரத்தின் வரி பதிந்த சுவர்கள் மிஞ்சின. அங்கே போகிறவர்கள் உணரும் அமைதிக்குக் காரணம் தேடினால் கட்டிய முறையில்தான் வந்து நிற்க வேண்டும். ஆனால் அதைப் பார்த்து மண்டபம் ஊரில் மரத்தை எரிக்கக் கிளம்பும் மாணவரை நான் தடுத்துவிடுவேன். அவர்கள் கையில் இருந்தது அவர்கள் காட்டு மரம்.

இனி பக்தி பற்றிய கேள்வி. பக்தி இல்லாத மாணவரால் முடியும். நன்றாகவே முடியும். அவர் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். என் வகுப்பில் கடவுள் நம்பிக்கை இல்லை என்று முதல் நாளே சொன்ன ஒரு மாணவி, ராமேசுவரம் கோயிலில் சிற்பங்களை வரையாமல் ஈரத்தை வரைந்தாள். கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட நடந்துபோகிறவர்களின் பாதை எங்கே போகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, தரை எந்தப் பக்கம் சாய்கிறது, வயதானவர்கள் எந்தத் தூணைப் பிடித்துத் திரும்புகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தாள். கைபட்டுக் கைபட்டு வழவழப்பான தூண்கள் அவள் படத்தில் கறுப்பாக இருந்தன. பிரார்த்தனை என்பது உடம்பால் செய்யப்படுவது. உடம்பு எதைத் தொடுகிறது, எங்கே வழுக்குகிறது, எங்கே உட்காருகிறது என்று கவனித்தவர் அதற்கு இடம் அமைக்கத் தகுதியானவர். நம்பிக்கை உள்ள மாணவர்களுக்கும் நான் இதே வேலையைத்தான் தருகிறேன். பழகிய இடம் என்பதால் அவர்களுக்குத்தான் இது கடினம்.

ஓரியூரையும் விட்டுவிடாதீர்கள். 1693இல் இயேசு சபைத் துறவி அருளானந்தர் என்னும் ஜான் டி பிரிட்டோ தலை வெட்டுண்ட இடம் அது. அங்கு வருகிறவர்கள் செம்மண்ணை எடுத்துப் போகிறார்கள். தேவிபட்டினத்தில் கடல்நீருக்குள் நிற்கும் ஒன்பது கற்களே வழிபாடு. ஒரு பிடி மண், ஒன்பது கற்கள். கட்டடம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் போதும் என்பதை இந்த இரண்டு ஊர்களைவிட நன்றாக எந்த விரிவுரையும் சொல்லாது.

நீங்களும் மாணவர்களை அழைத்து வருவதென்றால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ராமேசுவரம் கோயிலுக்குள் கைப்பேசியும் கேமராவும் கூடாது, நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள். படிப்புக்கு அதுவே நல்லது. கீழக்கரையில் முன்கூட்டியே ஜமாஅத்தாரிடம் பேசி, தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள். மாணவிகள் வருவதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தனுஷ்கோடியிலிருந்து மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். சுண்ணாம்பு நீற்றும் நாளில் எல்லோருக்கும் கண்ணாடி, கையுறை கட்டாயம்.